15 அடிக் கூம்பு, 4டி6, மேலே பற்றி எரிகிற தீ: இந்தச் சக்தி அதிகமா?

மே 6, செவ்வாய். வாசகர் ஒருவரின் கேள்வி

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் ஃபைட்டருக்கு (போர்வீரர்) ஒரு புது சப்கிளாஸ், அதாவது உட்பிரிவு, எழுதுகிறேன். மூன்றாம் லெவலில் வாயால் தீ ஊதலாம். 15 அடிக் கூம்பு, அதில் சிக்கியவருக்கு டெக்ஸ் சேவ் (20 முக டைஸ் போட்டுச் சுறுசுறுப்பால் தப்பிக்கும் முயற்சி), தோற்றால் 4டி6 (ஆறுமுக டைஸ் நான்கின் கூட்டுத்தொகை) அடி, ஜெயித்தால் பாதி. தோற்றவர் உடம்பில் தீ பற்றிக்கொள்ளும். அவருடைய ஒவ்வொரு டர்ன் தொடக்கத்திலும் 2டி6. ஒரு ஆக்‌ஷன் செலவழித்தால் (டர்னுக்கு ஒன்றுதான் உண்டு) அணைத்துவிடலாம். லாங் ரெஸ்டுக்கு மூன்று தடவை, அதாவது ராத்திரித் தூக்கம் ஒன்றுக்கு மூன்று. நெருப்பைத் தாங்கும் அரக்கர்கள் நிறைய இருக்கிறார்களே என்று கொஞ்சம் தாராளமாகவே கொடுத்திருக்கிறேன். அதிகமா?

மே 6, இரவு 11.20

அதிகம். 4டி6-ஐ 3டி6 ஆக்குங்கள். பர்னிங் ஹேண்ட்ஸ் என்ற தீ மந்திரமும் இதே 15 அடிக் கூம்புதான், 3டி6தான். அதற்கே விசார்ட் (மந்திரவாதி) எண்ணி வைத்த மந்திர வாய்ப்புகளில் ஒன்றை, ஒரு ஸ்லாட்டை, கொடுக்கிறார். உங்கள் ஃபைட்டர் இரும்புச் சட்டை, பெரிய வாள் எல்லாம் வைத்துக்கொண்டு இதையும் சும்மா ஊதுகிறார்.

நெருப்பைத் தாங்குகிறவர்களுக்காக டைஸைக் கூட்டுவது தப்புக் கணக்கு. மூன்றாம் லெவலில் எதிரே வருவது கோப்ளின், ஓநாய், ஓர்க், ஓகர். இவர்களில் யாருக்கும் நெருப்பு எதிர்ப்பு கிடையாது. பின்னால் நரகத்துப் பிசாசுகள் வரும்போது அவர்களுக்கு நெருப்பே ஏறாது. அங்கே 4டி6 ஆனாலும் 40டி6 ஆனாலும் பூஜ்யம்தான்.

மே 7, காலை 7.05

நேற்று எழுதியதில் முதல் பத்தியை வாபஸ் வாங்குகிறேன். தூக்கக் கலக்கத்தில் பர்னிங் ஹேண்ட்ஸை மட்டும் வைத்து அளந்துவிட்டேன்.

2014 டிஎம் கையேட்டில் (டிஎம் என்றால் ஆட்டத்தை நடத்துகிறவர்) புது ஸ்பெல், அதாவது மந்திரம், எழுதுகிறவர்களுக்காக ஓர் அட்டவணை உண்டு. பல பேர் மேல் விழும் ஸ்பெல் என்றால் முதல் படிக்கு 2டி6, இரண்டாம் படிக்கு 4டி6, மூன்றாம் படிக்கு 6டி6. சேவ் ஜெயித்தாலும் பாதி விழும் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. மூன்றாம் லெவல் விசார்டிடம் இரண்டாம் படி ஸ்லாட்தான் உச்சம். அதனால் உங்கள் 4டி6 அட்டவணைப்படி அச்சு அசலாகச் சரி. பர்னிங் ஹேண்ட்ஸ்தான் முதல் படியில் 3டி6 வாங்கிக்கொண்டு ஒரு டைஸ் அதிகமாக அனுபவிக்கிறது.

ஃபயர்பால் அதைவிட மோசம். மூன்றாம் படி ஸ்பெல், கணக்குப்படி 6டி6 வர வேண்டும்; 8டி6 கொடுத்திருக்கிறார்கள். அது ஐந்தாம் படிக்கான எண். பேர் பெற்ற ஸ்பெல் என்பதால் தூக்கிக் கொடுத்திருப்பார்கள் என்பது என் எண்ணம். ஆகவே யாராவது "ஃபயர்பாலோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை" என்று சொன்னால் நம்பாதீர்கள். அந்தத் தராசிலேயே கல் கட்டியிருக்கிறது.

மே 7, மதியம் 1.30

சாப்பாட்டு நேரத்தில் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன்.

2014 புத்தகத்து ஓகர்: 59 ஹிட் பாயிண்ட் (உயிர்), டெக்ஸ் சேவ் -1. ஃபைட்டரின் டிசி, அதாவது சேவில் எட்ட வேண்டிய எண், 13 என்று வைப்போம் (8, லெவலோடு ஏறும் ப்ரொஃபிஷன்சி போனஸ் 2, கான் என்ற உடல்வலு 3). 65 சதவீதம் தோற்கும். 4டி6 சராசரி 14, பாதி 7. ஆக ஒரு ஓகர் மேல் எதிர்பார்க்கும் அடி 11.55. இதில் பயப்பட ஒன்றுமில்லை.

இப்போது அந்த எரிகிற தீ. டர்னுக்கு 2டி6, சராசரி 7. ஓகர் அணைக்காமல் மூன்று டர்ன் சண்டை போட்டால் கூடுதலாக 21. ஊதியதில் வந்த 14-ஐயும் சேர்த்தால் 35, அதன் உயிரில் பாதிக்கு மேல். சரி, அணைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது அதன் ஆக்‌ஷன் போய்விடுகிறது, அந்த ரவுண்டில் யாரையும் அடிக்காது. கூம்புக்குள் மூன்று பேர் சிக்கித் தோற்றால் மூன்று பேரும் ஒரு ரவுண்டு கட்டிப்போட்ட மாதிரி நிற்பார்கள். மூன்றாம் லெவலில், லாங் ரெஸ்டுக்கு மூன்று தடவை. நீங்கள் எழுதியிருப்பது தீ என்ற பெயரில் ஒரு மயக்க மருந்து.

டைஸைப் பார்க்காதீர்கள். "ஒரு ஆக்‌ஷன் செலவழித்தால்" என்ற சொற்களைப் பாருங்கள்.

மே 8, காலை 8.15

"எரியும் தீக்கு அதிகாரபூர்வ விதியே இருக்கிறதே" என்று ஒருவர் சொல்லியிருந்தார். உண்மைதான், நான் மறந்துவிட்டேன். 2024 புத்தகத்தில் எரிகிறவருக்கு டர்ன் தொடக்கத்தில் 1டி4, ஆக்‌ஷன் கொடுத்துத் தரையில் புரண்டால் அணையும். பழைய ரசவாதத் தீக் குப்பியும் 1டி4தான், டிசி 10-இல் அணைக்கலாம். சராசரி 2.5. நம் நண்பர் வைத்திருப்பது 7. கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு விளையாட்டின் இரண்டாம் பதிப்பு வேறு வழியில் போகிறது. டர்ன் முடிவில் அடி விழும், பிறகு வெறும் டி20; 15 அல்லது மேலே வந்தால் அணையும். அதாவது 30 சதவீதம். யாரும் உதவிக்கு வராவிட்டால் சராசரியாக மூன்று தடவைக்கு மேல் சுடும். ஆக்‌ஷன் போவதில்லை, அதிர்ஷ்டம்தான் போகிறது. எனக்கு இது பிடிக்கும், ஆனால் இரண்டு விதிப் புத்தகங்களை ஒரே மேஜையில் கலந்தால் என்ன ஆகும் என்று பட்டவன் நான்.

மே 8, இரவு 12.10

தலைப்புக்குச் சம்பந்தமில்லை, தூக்கம் வரவில்லை.

எழுபதுகளின் கடைசியில் வந்த முதல் அட்வான்ஸ்டு பதிப்பில் ஃபயர்பால் லெவலுக்கு 1டி6, உச்சவரம்பே இல்லை. பிற்பாடுதான் 10டி6-இல் நிறுத்தினார்கள். ஆனால் அந்தக் காலத்தில் அதை வேறொன்று அடக்கி வைத்திருந்தது. வெடித்த தீ சுமார் 33,000 கன அடி இடத்தை நிரப்பியே தீரும். 20 அடி ஆரமுள்ள உருண்டையின் கன அளவு அது. திறந்த வெளியில் கவலையில்லை. 10 அடி அகலம், 10 அடி உயரச் சுரங்கத்தில் போட்டால்? வகுத்துப் பாருங்கள்: 330 அடி நீளத்துக்குத் தீ ஓடும். போட்டவர், அவருடைய நண்பர்கள், கழுதை, தீவட்டிக்காரர் எல்லாரும் அதற்குள்.

லெவலுக்கு ஒரு டைஸ் என்று அள்ளிக் கொடுத்தாலும் போடுவதற்கு முன்னால் யோசிக்க வைத்தது அந்த விதி. டைஸைக் குறைக்காமலே அடக்கியிருக்கிறார்கள். இது நம் கேள்விக்குச் சம்பந்தமுள்ளதுதான் போலிருக்கிறது.

மே 11, ஞாயிறு, இரவு 10.45

வாயால் வடை சுட்டது போதும் என்று எங்கள் மேஜையில் இதை இறக்கினேன். நண்பரின் விதி ஒரு எழுத்துகூட மாறாமல். ஃபைட்டர் என் தங்கை கணவர், ரோக் (திருடர்) என் தங்கை, கிளெரிக் (பூசாரி) சித்தி மகன், விசார்ட் அலுவலக நண்பர். எல்லாரும் மூன்றாம் லெவல், நான் டிஎம். எதிரே ஒரு ஓகர், மூன்று பக்பேர். எங்கள் ஆட்களுக்கு இது மூச்சு முட்டுகிற சண்டை.

முதல் ரவுண்டிலேயே மாப்பிள்ளை முன்னால் ஓடிப்போய் ஊதினார். ஓகரும் இரண்டு பக்பேரும் சிக்கி, மூவருமே சேவில் தோற்றார்கள். எரிகிறவர்களுக்கு அடையாளம் வைக்க வேண்டுமே என்று கேரம் போர்டு டப்பாவைத் திறந்தேன். ஓகர் மேல் சிவப்புக் காயின். அடுத்தவனுக்குச் சிவப்பு இல்லை, கறுப்பை வைத்தேன். மூன்றாமவனுக்கும் கறுப்பு. விசார்ட் ஏற்கெனவே வேறு எதற்கோ கறுப்பு வைத்திருந்தார். அடுத்த ரவுண்டில் எந்தக் கறுப்பு எரிகிறது, எது எரியவில்லை என்று ஐந்து பேரும் மேஜைமேல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு தடவை 2டி6 போட மறந்தேன். ஒரு தடவை செத்தவனுக்குப் போட்டேன்.

அதைவிட முக்கியமான விஷயம்: அரக்கர்கள் தரப்பில் அந்தச் சண்டை முழுவதிலும் இரண்டே அடிதான். எல்லாரும் அணைப்பதிலேயே மும்முரம். அணைத்து முடிப்பதற்குள் மாப்பிள்ளை மறுபடி ஊதுகிறார். தங்கை வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். "அண்ணா, என் டர்ன் வந்தா எழுப்பு" என்றாள். வந்தது. அவள் குறிவைத்த பக்பேர் அதற்குள் எரிந்தே செத்திருந்தான்.

போகும்போது சித்தி மகன் கேட்டான்: "ரெட் போட்டா ஃபாலோ போட வேணாமாண்ணா?"

மே 12, காலை 6.50

ஃபாலோ விஷயம் ராத்திரி முழுக்க மண்டையில் ஓடியது. எரிகிறவனை ஃபைட்டர் அடுத்த டர்னில் வாளால் அடித்தால்தான் தீ நீடிக்கும், இல்லாவிட்டால் அணைந்துவிடும். கேரம் மாதிரியே. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்னும் ஒரு கணக்கை நினைவில் வைக்க வேண்டும். நான் செத்தவனுக்கு டைஸ் போட்ட ஆள். வேண்டாம்.

அதைவிட எளிமையான ஒன்று அந்த டப்பாவிலேயே இருக்கிறது. கேரம் போர்டில் சிவப்பு ஒன்றுதான். அப்படியானால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எரியலாம். கூம்பில் சிக்கித் தோற்றவர்களில் யார் மேல் பற்றுகிறது என்று ஊதினவர் சொல்லட்டும். மறுபடி ஊதினால் பழையது அணைந்து சிவப்பு புது ஆளுக்குப் போகும். மறக்க வழியில்லை, கூட்டமாகக் கட்டிப்போடவும் வழியில்லை.

மே 12, இரவு 9.30

"லாங் ரெஸ்டுக்கு மூன்று" பற்றி. பேட்டில் மாஸ்டரோடு வைத்துப் பார்த்தேன், அதுவும் ஃபைட்டர் சப்கிளாஸ்தானே. அவரிடம் அடியோடு கூட்டிக்கொள்ள நாலு டி8 (எட்டுமுக டைஸ்), ஷார்ட் ரெஸ்டில் (நடுவில் எடுக்கும் சின்ன ஓய்வு) திரும்பும். நாலும் சேர்ந்து சராசரி 18. ஒரு நாளில் இரண்டு ஷார்ட் ரெஸ்ட் எடுத்தால் மொத்தம் 54.

நம் ஆள்: இரண்டு ஓகர் மேல் ஊதினால் 23.1. அதற்காக விட்டுக்கொடுக்கும் வாள் வீச்சு, ஓகரின் ஏசி (அடி பட எட்ட வேண்டிய எண்) 11-க்கு எதிராகச் சுமார் 7.5. லாபம் 15.6, மூன்று தடவைக்கு ஏறத்தாழ 47. எரியும் தீயைச் சேர்க்காமல். 47-க்கு 54, நியாயமாகத்தான் தெரிகிறது.

ஆனால் 2014 டிஎம் கையேடு ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டுச் சண்டை என்று வைத்துக்கொண்டு பேசுகிறது. எங்கள் வீட்டில் மூன்று மணிக்கு ஆரம்பித்து ஏழு மணிக்குள் ஒரு சண்டை, மிஞ்சிப் போனால் இரண்டு. ஷார்ட் ரெஸ்ட் என்பது டீ குடிக்க எழுந்திருப்பதுதான். அப்படிப்பட்ட மேஜையில் பேட்டில் மாஸ்டருக்கு 18, அதிர்ஷ்டமிருந்தால் 36. தீ ஊதுகிறவருக்கு முழு 47-உம் ஒரே சண்டையில். ஆகவே மூன்றை இரண்டாக்கச் சொல்வேன். லெவல் ஏற ஏற ப்ரொஃபிஷன்சி போனஸோடு சேர்ந்து ஏறட்டும். 2024-இல் டிராகன்பார்ன் இனத்தாரின் மூச்சுக்கும் அதே எண்ணிக்கைதான். உங்கள் மேஜையில் நிஜமாகவே ஆறு சண்டை நடக்கிறது என்றால் மூன்றை வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பொறாமையாக இருக்கும்.

ரீசார்ஜ் 5-6 (டர்ன்தோறும் ஒரு டைஸ், 5 அல்லது 6 விழுந்தால் மறுபடி ஊதலாம்) வைக்கலாமே என்று கேட்டிருந்தார்கள், டிராகன்களுக்கு வைப்பது போல. டர்னுக்கு மூன்றில் ஒரு வாய்ப்பு. நாலு ரவுண்டு சண்டையில் சராசரி இரண்டு தடவை ஊதலாம். சராசரி. மாப்பிள்ளைக்கு ஆறு விழுகிற லட்சணம் எங்களுக்குத் தெரியும். அரக்கன் ஒரு சண்டையோடு செத்துவிடுவான், அதனால் அவனுக்கு ரீசார்ஜ் சரி. இவர் ஒவ்வொரு ஞாயிறும் வருகிறார்.

மே 13, காலை 7.20

நேற்றைய 47-இல் ஒரு ஓட்டை. இரண்டு ஓகர் எப்போதும் கூம்புக்குள் நிற்கும் என்று வைத்துவிட்டேன். டிஎம் கையேடு 15 அடிக் கூம்புக்கு இரண்டு பேர் என்றுதான் சொல்கிறது. நிஜத்தில் முதல் ரவுண்டில் இரண்டு மூன்று பேர், அப்புறம் சண்டை கலந்துவிட்டால் ஒருவரோடு நம் கிளெரிக்கும் சேர்ந்து உள்ளே நிற்பார். எண்ணிக்கை குறையும். முடிவு மாறவில்லை.

மே 18, ஞாயிறு, இரவு 11.00

இரண்டாவது ஒத்திகை. மாற்றங்கள்: இரண்டு தடவை மட்டும், ஒரே சிவப்பு, அணைக்க ஆக்‌ஷன் வேண்டாம், அந்த டர்னின் நகர்வு முழுவதையும் கொடுத்துத் தரையில் புரண்டால் போதும். புரண்டவன் கிடந்த இடத்திலிருந்து அடிக்கலாம், ஆனால் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு டைஸ் போட்டுச் சின்னதை எடுப்பது). பக்கத்தில் நிற்பவர்கள் அவனை அட்வான்டேஜோடு (பெரியதை எடுப்பது) அடிக்கலாம். அடியை 2டி6-இலிருந்து 1டி6 ஆக்கினேன். டர்ன் தொடக்கத்தில் இருந்ததை முடிவுக்குத் தள்ளினேன், புரண்டு அணைக்க அவனுக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைக்கட்டும் என்று.

தங்கைக்கு இதில் வேலை வரும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அட்வான்டேஜ் கிடைத்தால் ரோகுக்கு ஸ்னீக் அட்டாக் என்ற கூடுதல் அடி, 2டி6.

இரண்டு கணக்குமே பொய்த்தது. முதலாவது, அரக்கர்கள் யாருமே புரளவில்லை. நான்தானே அவர்கள். 3.5 அடிக்காக எவன் தரையில் விழுவான்? எரிந்துகொண்டே வந்து அடித்தார்கள். சிவப்புக் காயின் மேஜையில் சும்மா பொட்டு வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தது. இரண்டாவது, தங்கை வில் வைத்திருக்கிறாள். விழுந்து கிடப்பவனைத் தூரத்திலிருந்து எய்தால் டிஸ்அட்வான்டேஜ், ஸ்னீக் அட்டாக்கே போய்விடும். அவன் புரண்டிருந்தால் அவளுக்குத்தான் நஷ்டம். இது எனக்குத் தெரிந்த விதிதான். எழுதும்போது மட்டும் ஞாபகம் வரவில்லை. அவள் சொல்லித்தான் வந்தது, அதுவும் கொஞ்சம் சத்தமாக.

மே 19, மதியம் 1.15

2டி6-க்கே திரும்புகிறேன்.

அணைப்பதற்கான கூலி ஆக்‌ஷனாக இருந்தபோது 7 அதிகம். கூலியை நகர்வாகக் குறைத்த பிறகு அதே 7 சரியான எடை. எரியட்டும் என்று ஓடி வருவதா, விழுந்து புரள்வதா என்று டிஎம் கை ஒரு நொடி தயங்க வேண்டும். 1டி6-க்கு என் கை தயங்கவில்லை.

அடி டர்ன் முடிவில் விழுவதற்கு இன்னொரு நல்ல காரணமும் கிடைத்தது. 2014 புத்தகத்தில் டிரோல் என்ற அரக்கன் தன் டர்ன் தொடக்கத்தில் 10 ஹிட் பாயிண்ட் மீட்டுக்கொள்ளும். நெருப்போ அமிலமோ பட்டால் அடுத்த டர்ன் தொடக்கத்தில் மீளாது. தீயும் அதே தொடக்கத்தில் சுட்டால், முதலில் மீள்வதா முதலில் சுடுவதா என்று ஒரு மணி நேரம் போகும். முடிவில் சுட்டால் சண்டையே இல்லை, அடுத்த மீட்சி நின்றுவிடும். ஒரு சிவப்புக் காயின் டர்னுக்குப் பத்துப் பாயிண்டைத் தடுக்கிறது. டிரோலுக்கு மட்டும் இது கொஞ்சம் அதிகம்தான். நெருப்புக்கு அங்கேதானே மரியாதை, இருந்துவிட்டுப் போகட்டும்.

மே 25, ஞாயிறு, இரவு 10.20

மூன்றாவது ஒத்திகை. மறுபடியும் ஓகர், மூன்று பக்பேர். பாதியில் கரண்ட் போய் எமர்ஜென்சி விளக்கில் ஆடினோம்.

மாப்பிள்ளை இரண்டு ரவுண்டு ஊதாமலே இருந்தார். யாரை எரிப்பது என்று தெரியவில்லையாம். மூன்றாவதில் ஊதினார், இரண்டு பேர் தோற்றார்கள், ஓகர் மேல் சிவப்பை வைத்தார். ஓகரின் டர்ன். அதற்கு மிச்சம் 16. கிளெரிக் கீழே விழுந்து கிடக்கிறான், ஓகர் நாலு கட்டம் நடந்தால் எட்டிவிடும். நடந்தால் 7 சுடும், மிச்சம் 9-ஐ இவர்கள் அடுத்த ரவுண்டில் முடித்துவிடுவார்கள். நான் காயினைத் தொட்டுக்கொண்டு யோசித்தேன். "என்ன மச்சான், சுடுதா?" என்றார் மாப்பிள்ளை.

புரண்டது. தங்கை வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு, இந்த ஆட்டத்தில் முதல் தடவையாகக் கத்தியை உருவிக்கொண்டு ஓடினாள். அட்வான்டேஜ், 17. 1டி4, அதோடு 3, ஸ்னீக் அட்டாக் 2டி6. மொத்தம் 16. சரியாகப் பதினாறு. கைதட்டல் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

கூம்பின் கடைசிக் கட்டத்தில் ஒரு மரப்பெட்டி இருந்தது. அதற்குள்தான் இவர்கள் தேடி வந்த கடிதங்கள். பர்னிங் ஹேண்ட்ஸில் யாரும் கையில் வைத்திருக்காத, எரியக்கூடிய பொருள்கள் பற்றிக்கொள்ளும் என்று இருக்கிறதே, இதற்கும் அதுதான் விதி என்றேன். நண்பர் அந்த வரியை எழுதவில்லை. நீங்கள் எழுதிவிடுங்கள். மாப்பிள்ளை இன்னும் என்னோடு பேசவில்லை.

மே 26, காலை 7.10

நண்பருக்கு, இப்போது இருக்கும் வடிவம்: 15 அடிக் கூம்பு, 4டி6, சேவ் ஜெயித்தால் பாதி. தோற்றவர்களில் ஒருவர் மட்டும் எரிவார், அவர் டர்ன் முடிவில் 2டி6, நகர்வைக் கொடுத்துப் புரண்டால் அணையும். ப்ரொஃபிஷன்சி போனஸ் எத்தனையோ, லாங் ரெஸ்டுக்கு அத்தனை தடவை. சும்மா கிடக்கும் பொருள்கள் பற்றிக்கொள்ளும்.

கவனித்தீர்களா, உங்கள் டைஸ் ஒன்றுகூட மாறவில்லை. மே 6 இரவு நான் குறைக்கச் சொன்னது அதை மட்டும்தான்.

மே 26, இரவு 9.00

சிவப்புக் காயின் மாப்பிள்ளையின் டைஸ் பையோடு போய்விட்டது. அப்பா இப்போதுதான் கேரம் போர்டை எடுத்து வைத்து, "ரெட் எங்கடா?" என்கிறார்.